ஊக்குவிக்கிறோம், பரிந்துரைக்கவில்லை

இருபத்திரண்டு வருஷமாக ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை பார்க்கிறேன். "நாளைக்கு வாங்க" என்று நான் சொல்லாத நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். டி.சி. கேட்டு வந்தவர்களை அலைய விட்டிருக்கிறேன். சீல் வைக்கிற ஆள் லீவு என்று சொல்லிவிட்டு அந்தச் சீல் மேலேயே டீ டம்ளரை வைத்துக் குடித்திருக்கிறேன். அதனால் ஒரு ஆபீஸ் என்னை அலைய விட்டுவிட்டது என்று நான் புலம்பினால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஆனால் நான் யாரையும் மாலை போட்டு மேடைக்குக் கூப்பிட்டு, கையைப் பிடித்து ஒரு காரியத்தைச் செய்ய வைத்துவிட்டு, பிறகு அந்தக் காரியத்தை ஏன்டா செய்தாய் என்று ஓலை அனுப்பியதில்லை. அந்த வித்தையை ரணதீரா மதர்போர்டு கம்பெனியிடம்தான் பார்த்தேன்.

என் மகள் எஸ்தர் கட்டடக்கலை கடைசி வருஷம் படிக்கிறாள். ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி வெளியூரிலிருந்து வரும் நடுவர்கள் முன்னால் அவள் தன் புராஜெக்டை வைக்க வேண்டும். வைகைக் கரையில் ஒரு படிப்பகம். அஞ்சு வருஷப் படிப்பும் அந்த ஒரு நாளில் வந்து நிற்கிறது. அவள் கம்ப்யூட்டருக்குள் கட்டிய கட்டடத்தை ஒரு படமாக வெளியே எடுக்க எங்கள் வீட்டுப் பழைய பெட்டிக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. நான் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் திருநகர் வந்து செருப்பைக் கழற்றும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

கிரிதரிடம் கேட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவனும் ஒரே பெஞ்சு. எஸ்தருக்கு அவன் கிரி மாமா. அவள் முதல் நற்கருணை வாங்கிய அன்றைக்குப் போட்டிருந்த வெள்ளைக் கவுன் அவன் எடுத்துக் கொடுத்தது. பைபாஸ் ரோட்டில் ரணதீராவின் சர்வீஸ் சென்டரில் இன்ஜினியராக இருக்கிறான். சர்வீஸ் சென்டர் என்று நாம்தான் சொல்கிறோம். வாசல் போர்டில் 'வாடிக்கையாளர் அன்பு மையம்' என்று எழுதியிருக்கும்.

"மாப்ள, எங்க போர்டையே வாங்கிப் போடு. பிராசசர் நான் சொல்றதை வாங்கு. ரெண்டும் பட்டியல்ல இருக்கு. அதுக்கு மேல வேகத்தையும் கொஞ்சம் கூட்டி விட்டோம்னா ஒம்போது மணி நேரம் மூணு மணி நேரமாயிரும். எஸ்தர் புள்ளைக்கு நான் செய்யாம யாரு செய்வா?" என்றான்.

பட்டியல் என்றால் மளிகைப் பட்டியல் இல்லை. பரிந்துரைப் பட்டியல். நூற்றுப் பதினாலு பக்கம். அந்த மதர்போர்டுடன் எந்தப் பிராசசர் சேரும், எந்த ராம் சேரும், எந்த ஃபேன் சேரும், எந்தத் திருகு சேரும் என்று ஜாதகம் மாதிரி போட்டிருக்கும். அதில் இல்லாதது எதுவும் பெட்டிக்குள் இருக்கக்கூடாது. நான் கிளார்க் அல்லவா, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டுப் படித்தேன். எங்கள் பிராசசர் முப்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. ராம் அறுபத்தொன்றில் இருந்தது. திருகுகூட இருந்தது. கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதில் பரிந்துரை எண் ஒன்று: 'சந்தேகம் எழுந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கவும். பிறகு யோசிக்கவும்.' அட்டைப்பெட்டியின் மேல் கண்ணில் நெருப்பு பறக்கும் ஒரு காளை. அதன் வயிற்றுக்குக் கீழே, 'அவிழ்த்து விடு!'

தை மாதம் அவிழ்த்து விட்டார்கள்.

ரணதீராவின் 'வேகத் திருவிழா' நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மதுரை என்பதால் ஜல்லிக்கட்டு மாதிரியே நடத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். எல்லோரும் தங்கள் சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். பெட்டிக்கு மஞ்சள் துணி கட்டி நம்பர் குத்தினார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஒவ்வொரு பெட்டியின் ஃபேன் பக்கத்திலும் காதை வைத்துக் கேட்டு 'தகுதி' என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்தார். எனக்குப் பக்கத்தில் நின்றவர் அலங்காநல்லூர்க்காரர். "எங்க ஊர்ல மாட்டுக்குக்கூட இம்புட்டுச் சோதனை கிடையாதுண்ணே" என்று பெருமையாகச் சொன்னார்.

அன்பு மையத்தின் தலைவர் பெயர் கல்யாணராமன். பதவி, தலைமை அன்பு அலுவலர். கோட் போட்டிருந்தார். மைக்கைப் பிடித்தார்.

"மதர்போர்டு என்று சொல்லாதீர்கள். தாய்ப்பலகை என்று சொல்லுங்கள். தாய்க்குள் ஒரு சக்தி உறங்குகிறது. அதை எழுப்பாதவன் ஒரு பிள்ளையா? பயந்தவர்கள் பெட்டியை மூடிக்கொண்டு போகட்டும். துணிந்தவர்கள் வோல்ட்டை ஏற்றட்டும்! விழுந்தால் பிடிக்க ரணதீரா குடும்பம் இருக்கிறது!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்வானேன்.

என் பெட்டி மேடைக்குப் போனது. செட்டிங்கை மாற்றியது முழுக்கக் கிரிதர்தான். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "மாப்ள, கீபோர்டுல கை வையி, போட்டோவுக்கு" என்றான். வைத்தேன். "எண்டரை அமுக்கு. சிரி." அமுக்கினேன். சிரித்தேன். மைக்கில் வர்ணனை பறந்தது: "அந்தா வருது பாரு திருநகர் தனிஸ்லாஸ் பெட்டி! அஞ்சு புள்ளி நாலு! அஞ்சு புள்ளி ஆறு! நின்னு ஆடுது பாரு! தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு!" அஞ்சு புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நின்றது. முதல் பரிசு. ஷீல்டு கொடுத்து, மாலை போட்டு, பெட்டியைக் கட்டிப் பிடிக்கச் சொல்லி இன்னொரு போட்டோ எடுத்தார்கள். கல்யாணராமன் என் தோளில் கை போட்டு, "நீங்க இனிமே எங்க வீட்டுப் பிள்ளை சார்" என்றார்.

மறுநாள் திருநகர் பஸ் ஸ்டாப்பில் எட்டுக்கு ஆறு ஃப்ளெக்ஸ். நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறேன். தலைக்கு மேல், 'வேகத்தின் வேந்தே! 5.8-ஐ அடக்கிய தனிஸ்லாஸே!' கீழே வோல்ட் எவ்வளவு, எந்த செட்டிங்கை எவ்வளவு ஏற்றியது என்பதெல்லாம் காளையின் வம்ச வரலாறு மாதிரி வரிசையாக. அதற்கும் கீழே, 'இவண்: ரணதீரா குடும்பத்தார்'. மரத்தில் ஏறிக் கயிறு கட்டியவன் கிரிதர். என் மனைவி சூசையம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கிற ஆளுக்கு இம்புட்டுப் பெரிய படம் வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். பொறாமை என்று நினைத்தேன்.

பெட்டி இரண்டு மாதத்துக்கு மேல் பறந்தது. எஸ்தரின் படிப்பகம் வளர்ந்தது. ஆற்றைப் பார்த்து இறங்கும் படிக்கட்டில் ஒரு சின்ன ஆளை உட்கார வைத்திருந்தாள். கட்டம் போட்ட சட்டை, பக்கத்தில் மடக்கிய குடை, கையில் பேப்பர். "யாரும்மா இது?" என்றேன். "யாரோ" என்று சிரித்தாள். அந்தச் சட்டை என் சட்டை.

ஏப்ரல் மூன்றாம் தேதி மத்தியானம் பெட்டிக்குள் ஒரு சின்ன 'டப்'. கருகிய வாடை. அவ்வளவுதான்.

"கடைசி அஞ்சு வாரம் பண்ணினது பூராம் உள்ளதான்பா இருக்கு. பென்டிரைவ்ல இருக்கிறது பழசு" என்றாள் எஸ்தர். முகம் வெளுத்திருந்தது.

"போர்டுதானம்மா போயிருக்கு, டிஸ்க் பத்திரமாத்தான் இருக்கும். வாரண்டி இருக்கு. கிரி மாமா இருக்கான். கவலைப்படாத" என்றேன்.

அன்பு மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியை முழுசாக வாங்கி, சுற்றிலும் டேப் ஒட்டி, அரக்குச் சீல் வைத்தார்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொள்கிறேன் என்றதற்கு, "இறந்த நிலையிலேயே ஒப்படைக்கணும் சார், பரிந்துரை பதினாறு" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். பிறகு ஒரு படிவம் கொடுத்தாள். பலகை இறப்பு விவரப் படிவம். 'இறக்கும்போது அருகில் இருந்தவர் யார்? பலகைக்கும் தங்களுக்கும் உள்ள உறவு? பலகை கடைசியாகத் திரையில் என்ன சொன்னது?' உறவு என்ற இடத்தில் 'உரிமையாளர்' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'பராமரித்தவர்' என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். நானே இந்த மாதிரிப் படிவம் தயாரிக்கிறவன், ஆனால் என் படிவத்தில் அப்பா பெயர் கேட்போமே தவிர உயிர் எப்படிப் போனது என்று கேட்டதில்லை.

எட்டாம் தேதி விசாரணைக்கு வரச் சொன்னார்கள். ஏசி ரூம். மேஜைக்கு அந்தப் பக்கம் கல்யாணராமன், அவருக்குப் பக்கத்தில் கிரிதர். கிரிதர் இருக்கிறான் என்றதும் எனக்குத் தெம்பு வந்தது.

"பெட்டி இருந்த அறையின் வெப்பம் எவ்வளவு சார்?" என்றார் கல்யாணராமன்.

"அதெல்லாம் யாரு பாத்தா? முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது இருக்கும்."

"பரிந்துரை இருபத்துநாலு டிகிரி."

"மதுரையில இருபத்துநாலு டிகிரிக்கு நான் எங்க சார் போவேன்?"

"அது உங்க ஊர்ப் பிரச்சினை."

"ஒங்க ஆபீசும் இதே ஊர்லதான சார் இருக்கு?"

"இருக்கு. ஏசிக்குள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார். இரண்டு பேர் ஒரு பெரிய சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் விரித்தார்கள். ரூம் முழுக்க நான். பெட்டியைக் கட்டிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவர் என் பல்லுக்குப் பக்கத்தில் ஷூக்காலை வைத்து நின்றார்.

"இது நீங்கதானே?"

"நான்தான். ஆனா இந்த ஃப்ளெக்ஸ் நீங்க வச்சதுல்ல?"

"வச்சது நாங்க. இருக்கிறது உங்க முகம். வோல்ட் முதற்கொண்டு பொது இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இந்த அளவு வோல்ட் பட்டியலில் இல்லை."

"சார், வோல்ட்டை ஏத்துங்கன்னு மைக்கு புடிச்சுச் சொன்னதே நீங்கதான!"

அவருக்குக் கோபமே வரவில்லை. அன்பாகச் சொன்னார்: "ஊக்குவிக்கிறோம். பரிந்துரைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு துறை சார். ஊக்கம் விற்பனைத் துறை. பரிந்துரை வாரண்டித் துறை. ஊக்குவிக்காவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். பரிந்துரைத்துவிட்டால் நாங்கள் பொறுப்பேற்க வேண்டி வரும். இது நிர்வாகத்தின் அரிச்சுவடி." பிறகு குரல் தழுதழுத்தது. "பெற்ற தாயை யாராவது இப்படி வேலை வாங்குவார்களா? இந்த வெயிலில்? உங்களுக்கு மனசு எப்படி வந்தது?"

நான் கிரிதரைப் பார்த்தேன். "டேய், நீ சொல்றா. யாரு செட்டிங்கை மாத்துனா?"

கல்யாணராமன் அவன் பக்கம் திரும்பினார். "இன்ஜினியர் கிரிதர், வேகத்தைக் கூட்டிய கை யாருடையது?"

கிரிதர் தரையில் கிடந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "மேடையில கூட்டமா இருந்துச்சு சார். நான் வழிதான் சொன்னேன். எண்டர் அமுக்குனது கஸ்டமர்" என்றான். முப்பத்தேழு வருஷத்தில் அவன் என்னை மாப்ள என்று சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான்.

வாரண்டி இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சரி, ஒழியட்டும் என்றுதான் நினைத்தேன். "மதர்போர்டு எனக்கு வேணாம் சார். உள்ள இருக்கிற டிஸ்க்கை மட்டும் குடுத்துருங்க. என் மக அஞ்சு வருஷம் படிச்சது அதுல இருக்கு. இருபத்துநாலாம் தேதி அதைக் காட்டணும்."

"சீல் வைத்தாயிற்றே. சீலைப் பிரித்தால் வாரண்டி போய்விடும்."

"வாரண்டிதான் இல்லைன்னு இப்பத்தான சார் எழுதுனீங்க!"

"இல்லாத வாரண்டியை நான் எப்படிப் போக்க முடியும்? இல்லாததை ரத்து செய்யும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்குத்தான். மனு போடுங்கள்."

வெளியே வந்தேன். டீக்கடையில் நின்றபோது கிரிதர் ஓடி வந்தான். "தப்பா நெனைச்சுக்காத மாப்ள. உள்ள அப்படித்தான் பேசணும். டிஸ்க்கை எப்படியாச்சும் நான் எடுத்துத் தாரேன். இது எம் பொறுப்பு. எஸ்தர்கிட்டச் சொல்லு, மாமா இருக்கேன்னு."

நம்பினேன். ஆறாம் வகுப்பிலிருந்து நம்பி நம்பிப் பழக்கம்.

வீட்டில் எஸ்தர் ஒரு தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கி வைத்திருந்தாள். "அப்பா, பழசை வச்சு மொதல்ல இருந்து திரும்பப் போட்டுறவா? பதினாறு நாள் இருக்கு. கஷ்டப்பட்டா முடிச்சிருவேன்."

"எதுக்கும்மா செஞ்சதையே திரும்பச் செய்யணும்? கிரி மாமா எடுத்துத் தாரேன்னு சொல்லிட்டான். நீ நடுவர்கள்ட்ட என்ன பேசணும்னு மட்டும் யோசி" என்றேன். அவள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதை எழுதும்போதும் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மனு போடப் போனால் மனுவை அவர்களுடைய ஆப்பில்தான் போட வேண்டும். ஆப் மனுவை வாங்குவதற்கு முன்னால் 'எங்கள் அன்புக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று கேட்டது. ஒன்று போட்டேன். 'எங்களை மேம்படுத்த உதவுங்கள்' என்று நாற்பது கேள்வி வந்தது. நாற்பதுக்கும் பதில் எழுதினேன். நாற்பத்தொன்றாவதாக மறுபடியும் நட்சத்திரம் கேட்டது. நாலு நாள் இப்படியே போனது. கிரிதருக்குப் போன் போட்டேன்.

"அட, அஞ்சு போட்டுத் தள்ளு மாப்ள. அப்பத்தான் மனு மேல போகும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அஞ்சு போட்டேன். மனு போய்விட்டது. ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி பதில் வந்தது. தபாலில், கெட்டி உறையில், காளை படத்துடன்.

'பெருமதிப்பிற்குரிய தனிஸ்லாஸ் அவர்களுக்கு, தாங்கள் எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் வழங்கி முழுத் திருப்தி தெரிவித்தமைக்கு நெஞ்சார்ந்த நன்றி. முழுத் திருப்தி அடைந்த வாடிக்கையாளருக்குப் புகார் இருக்க இயலாது என்பதால் தங்கள் மனு மகிழ்ச்சியுடன் முடித்து வைக்கப்படுகிறது. முடித்து வைக்கப்பட்ட பொருள்கள் நிறுவனத்தின் மக்கள் விழிப்புணர்வுப் பணிக்குப் பயன்படுத்தப்படும்.'

அதே உறைக்குள் இன்னொரு காகிதம். அழைப்பிதழ். இருபத்திரண்டாம் தேதி சித்திரை வேகத் திருவிழா. சென்ற முறை வென்ற வேகத்தின் வேந்தர் திரு. தனிஸ்லாஸ் குத்துவிளக்கு ஏற்றுவார்.

"போகாதீங்க. வெக்கங்கெட்டவனுங்க" என்றாள் சூசையம்மாள்.

"போறேன். மேலிடத்து ஆளுங்க வருவாங்கள்ல, கால்ல விழுந்தாவது டிஸ்க்கை வாங்கிட்டு வாரேன்" என்றேன். எஸ்தர் வாசல் வரைக்கும் வந்து என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள்.

அதே மண்டபம். வாசலில் அதே ஃப்ளெக்ஸ். என் பல்லுக்குப் பக்கத்தில் ஷூத் தடம் இருந்ததைத் துடைக்கக்கூட இல்லை. உள்ளே முன்வரிசையில் உட்கார வைத்துச் சந்தனம் கொடுத்தார்கள். மேலிடத்து ஆட்கள் யார் என்று கேட்டதற்கு, அவர்கள் திரையில்தான் வருவார்கள் என்றார்கள். விளக்கை ஏற்றினேன். மேடை நடுவில் சிவப்புத் துணி போர்த்திய ஒரு பெட்டி. பக்கத்தில் கிரிதர். அவனும் இப்போது கோட் போட்டிருந்தான். கையசைத்தேன். அவன் வயரை ரொம்பக் கவனமாகச் சரி செய்துகொண்டிருந்தான்.

கல்யாணராமன் மைக்கைப் பிடித்தார்.

"சிலர் ரணதீரா பலகை இறந்துவிட்டது என்று சொல்லித் திரிகிறார்கள். எங்கள் பலகைகள் இறப்பதில்லை! வாடிக்கையாளர்கள்தான் நம்பிக்கை இழக்கிறார்கள்! இதோ, வாரண்டிக்குத் தகுதியற்றது என்று நாங்களே எழுதிக் கொடுத்த பெட்டி. இரண்டே நாளில் சரி செய்தோம். எங்களால் முடியாதது எதுவுமில்லை; செய்ய வேண்டிய கட்டாயம்தான் இல்லை!"

கை தட்டினார்கள். நானும் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

துணியை எடுத்தார்கள். என் பெட்டி. பின்னால் பெரிய திரையில் படம் ஓடியது. வைகைக் கரை. படிப்பகம். மெதுவாகச் சுற்றியது. கூட்டம் 'ஓ' என்றது. "பாருங்கள் வேகத்தை! பாருங்கள் துல்லியத்தை! இது ரணதீராவின் படைப்பு!" என்றார் கல்யாணராமன். கட்டடம் இன்னும் கொஞ்சம் திரும்பியது. ஆற்றங்கரைப் படிக்கட்டு வந்தது. கட்டம் போட்ட சட்டையில் ஒரு சின்ன ஆள் குடையைப் பக்கத்தில் வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்தேன். வேந்தர் வாழ்த்திப் பேச வருகிறார் என்று நினைத்து வழி விட்டார்கள். கல்யாணராமன் சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"கம்பெனி பரிந்துரையை நான் மதிக்கலைன்னு எல்லாரும் சொன்னாங்க. இன்னைக்கு மதிக்கிறேன். பரிந்துரை எண் ஒண்ணு. சந்தேகம் எழுந்தா மொதல்ல பிளக்கைப் புடுங்கணும்."

பிடுங்கினேன். திரை கறுத்தது. வயர்களைக் கழற்றிப் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். கல்யாணராமன், "சார், இதற்கு நடைமுறை இருக்கிறது, சார்!" என்று மைக் இல்லாமல் கத்தினார். கிரிதர் நின்ற இடத்திலேயே நின்றான். யாரும் தடுக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் இது இருக்கிறதா இல்லையா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

வாசலில் வாட்ச்மேன் நல்லகாமன் கம்பை நீட்டினார். "அண்ணே, பொருள் வெளிய போகணும்னா சீட்டு வேணும். இது ஒங்களுதுங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

நான் தலையை மட்டும் திருப்பி ஃப்ளெக்ஸைக் காட்டினேன். எட்டுக்கு ஆறு. அதே ஆள், அதே பெட்டி, அதே கட்டிப்பிடி. சிரிப்பு மட்டும் அங்கே இருந்தது. நல்லகாமன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட, அந்த வேந்தன் நீங்கதானா! கம்பெனியே எழுதி வச்சிருக்கு, அப்புறம் என்ன சீட்டு? போங்கண்ணே" என்று கேட்டைத் திறந்து, ஷேர் ஆட்டோவையும் கை காட்டி நிறுத்தினார். அந்தக் கம்பெனியின் வாசலில் எனக்குக் கிடைத்த ஒரே அன்பு அது.

வீட்டுக்கு வந்து பெட்டியை மாட்டினோம். எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டி ஓடியது. திரையில் காளை படம் வந்தது. அவள் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தாள். மறுபடியும் திறந்தாள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'ரணதீரா டெமோ' என்று பெயர் மாற்றிய அந்தச் சுற்றுகிற வீடியோ.

"வரைபடம் எல்லாம் எங்கம்மா?"

"இல்லப்பா. மாடலும் இல்ல. ஷீட்டும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சு, அது மேலயே புதுசா ஏத்தியிருக்காங்க. திரும்ப எடுக்க முடியாது." வீடியோவை ஓட விட்டுச் சின்னக் குரலில் சொன்னாள்: "இது வெறும் படம்பா. கட்டடம் இல்ல."

அப்போதே ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பழைய பென்டிரைவை எடுத்துச் சொருகினாள். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சாயங்காலம் கிரிதர் வந்தான். கோட்டோடு வந்தான். செருப்பைக் கழற்றவில்லை, நானும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மாப்ள, நீ பிளக்கைப் புடுங்குனது நடைமுறை மீறல்னு எழுதச் சொல்றாங்க. ஒரு கையெழுத்துப் போட்டுட்டீன்னா எனக்கும் பிரச்சினை இல்ல, ஒனக்கும் பிரச்சினை இல்ல."

"அதை அப்புறம் பாப்போம். பெட்டியைத் தொடச்சது யாரு?"

"விழாவுக்கு முன்னாடி சுத்தமாக்கணும்னு சொன்னாங்க. நான்தான் பண்ணேன். அந்த வீடியோ நல்லா இருந்துச்சு, அதை மட்டும் வச்சுக்கச் சொன்னாங்க."

"ஃபோல்டருக்கு என்ன பேரு போட்டிருந்துச்சு?"

உள்ளே எஸ்தரின் கீபோர்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கிரி, எம் முகத்தைப் பாத்துச் சொல்லு. அழிக்கையில பேரைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் மாப்ள" என்றான். "எஸ்தர்னு இருந்துச்சு. ஆனா பட்டியல்ல இல்லாதது எதுவும் பெட்டிக்குள்ள இருக்கக்கூடாதுல்ல? அந்தப் பேரு பட்டியல்ல இல்ல."

கதவைச் சாத்திவிட்டு வந்து நூற்றுப் பதினாலு பக்கத்தையும் எடுத்து வைத்து, ஸ்கேல் பிடித்து, முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். இல்லை.